சாமி, பூசாரி, சாவி

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்று ஊரில் சொல்வார்கள். மும்பை மந்த்ராலயாவுக்கு இது அப்படியே பொருந்தும். நரிமன் பாயிண்ட் பக்கம் ஏதாவது ஒரு கோப்புக்காக அலைந்தவர்களுக்குத் தெரியும். அமைச்சரைப் பார்ப்பது பெரிய விஷயமில்லை. அவருடைய ‘ஸ்வீய சஹாய்யக்’, அதாவது பி.ஏ., அவரைப் பார்ப்பதுதான் விஷயம். "தோ சாஹேபாஞ்சா மாணூஸ் ஆஹே" என்று மராத்தியில் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். ஐயாவோட ஆளு. அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

2025 பிப்ரவரியில் இந்தக் கதை மேடைக்கே வந்துவிட்டது. அப்போது மஹாராஷ்டிர வேளாண் அமைச்சராக இருந்த மாணிக்ராவ் கோகாட்டே, எங்களுக்கு வேண்டிய பி.எஸ்., ஓ.எஸ்.டி.யைக்கூட முதல்வர்தான் முடிவு செய்கிறார் என்று குறைபட்டுக்கொண்டார். முதல்வர் தேவேந்திர ஃபட்னவிஸ் சும்மா இருக்கவில்லை. அமைச்சர்களிடமிருந்து வந்தவை 125 பெயர்கள், அதில் 109-க்கு ஒப்புதல் கொடுத்துவிட்டேன், மீதிப் பேர் மேல் புகாரோ விசாரணையோ இருக்கிறது, யார் கோபித்துக்கொண்டாலும் ‘ஃபிக்ஸர்’களுக்கு ஒப்புதல் தர மாட்டேன் என்று போட்டு உடைத்தார்.

நான் கணக்குப்பிள்ளை (சி.ஏ. என்றால் கொஞ்சம் மரியாதை, வேலை அதேதான்). அதனால் கை தானாகக் கணக்குப் போட்டது. 125-ல் 16. ஏறக்குறைய எட்டுக்கு ஒன்று. பதவியேற்ற சில மாதங்களுக்குள், எட்டுப் பேரைக் கேட்டால் அதில் ஒருவர் முதல்வரே வேண்டாம் என்று சொல்லும்படியான ஆள்!

நிறுத்தியது நல்ல காரியம், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பதினாறு பேர் யார் என்று அன்றைக்கு அவர் சொல்லவில்லை. அவர்களைக் கேட்டு வாங்கப் பார்த்த அமைச்சர்கள் யார் என்றும் சொல்லவில்லை. எந்த அளவுகோலை வைத்து வடிகட்டினார் என்பதற்கு நமக்குக் கிடைத்ததெல்லாம் ‘ஃபிக்ஸர்’ என்ற ஒற்றைச் சொல்தான். அதாவது வடிகட்டி ஒருவர் மனசுக்குள் இருக்கிறது. நாளைக்கு இன்னொரு முதல்வர் வந்தால் அவர் மனசுக்குள் வேறு வடிகட்டி இருக்கும். இல்லாமலும் போகும்.

இதற்கு நாலு வருஷம் முன்னால், 2021-ல், மாநில உள்துறை அமைச்சராக இருந்த அனில் தேஷ்முக் மீது மாதம் நூறு கோடி வசூல் புகார் கிளம்பியது ஞாபகம் இருக்கும். அமலாக்கத்துறை முதலில் கைது செய்தது அமைச்சரை அல்ல. ஜூன் மாதம் அவருடைய தனிச் செயலரையும் உதவியாளரையும். அமைச்சரின் முறை நவம்பரில்தான் வந்தது. புகாரை அவர் மறுத்தார், தீர்ப்பு சொல்ல நான் யார்? நான் பார்ப்பது அந்த வரிசையை மட்டும்தான். கோப்பும் சரி, காசும் சரி, புகாரும் சரி, அமைச்சரின் அறைக்குப் போகிற பாதை உதவியாளரின் மேஜையைத் தாண்டித்தான் போகிறது.

இதெல்லாம் ‘அவங்க’ சமாச்சாரம், நமக்கென்ன என்று நாம் இருந்துவிடுவோம். டோம்பிவிலித் தமிழனுக்குக் காலை ஃபாஸ்ட் லோக்கலில் நிற்க இடம் கிடைத்தால் போதும், மந்த்ராலயா எப்படிப் போனால் என்ன? ஆனால் நாம் ரொம்பவே சம்பந்தப்பட்ட ஒரு உதவியாளர் கதை இருக்கிறது. அதை நம் ஆட்கள் பேசிய விதம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

வி.கே. பாண்டியன் கதை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. மதுரை மாவட்டத்துக்காரர். 2000-ஆம் ஆண்டு ஐ.ஏ.எஸ். முதலில் பஞ்சாப், பிறகு ஒடியா அதிகாரியைக் கல்யாணம் செய்துகொண்டு ஒடிஷாவுக்கு மாற்றல். மயூர்பஞ்ச், கஞ்சம் மாவட்டங்களில் கலெக்டராக நல்ல பெயர் எடுத்தார். 2011-ல் முதல்வர் நவீன் பட்நாயக்கின் தனிச் செயலர் ஆனார். அதோடு அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. பன்னிரண்டு வருஷம்! 2019-க்குப் பிறகு ‘5டி’ என்ற அரசுத் திட்டத்தின் செயலர் பொறுப்பும் சேர்ந்தது. முதல்வர் வெளியே வருவது குறையக் குறைய, இவர் வெளியே வருவது கூடியது. 2023-ல் ஹெலிகாப்டரில் மாவட்டம் மாவட்டமாகப் போய் மக்களிடம் மனு வாங்கினார். பணியில் இருக்கிற ஒரு அதிகாரி கட்சித் தலைவர் மாதிரி ஊர்வலம் வருவது விதிமீறல் என்று எதிர்க்கட்சிகள் கத்தின.

அப்புறம் நடந்ததைத் தேதி போட்டே சொல்ல வேண்டும். 2023 அக்டோபர் 23: விருப்ப ஓய்வு ஏற்கப்படுகிறது. வழக்கமாகக் கொடுக்க வேண்டிய மூன்று மாத நோட்டீஸும் தள்ளுபடி. அக்டோபர் 24: கேபினட் அமைச்சர் அந்தஸ்துடன் ‘5டி’ திட்டத்தின் தலைவராக நியமனம். தேர்தலில் நிற்கவில்லை, சட்டசபையில் உறுப்பினர் இல்லை, ஆனால் அமைச்சர் அந்தஸ்து. நவம்பர் 27: பிஜு ஜனதா தளத்தில் சேர்கிறார். 2024 தேர்தலில் அந்தக் கட்சியின் முக்கியப் பிரச்சாரகர் அவர்தான்.

முடிவு தெரிந்ததுதானே. 2024 ஜூன் 4-ஆம் தேதி 147 தொகுதிகளில் 51 மட்டும். பா.ஜ.க.வுக்கு 78. மக்களவையில் பிஜு ஜனதா தளத்துக்கு ஒரு இடம்கூட இல்லை. இருபத்து நாலு வருஷ ஆட்சி போயிற்று. ஜூன் 9-ஆம் தேதி பாண்டியன் ஒரு வீடியோவில் தோன்றி, தீவிர அரசியலிலிருந்து விலகுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்தத் தேர்தலில் அவரை எதை வைத்து அடித்தார்கள்? ‘ஒரு தனிச் செயலருக்கு இவ்வளவு அதிகாரத்தை யார் கொடுத்தது?’ என்ற கேள்வியை வைத்து ஆரம்பித்தார்கள். ஆனால் முடித்தது ‘ஒரு தமிழன் ஒடிஷாவை ஆளலாமா?’ என்ற கேள்வியில். பூரி ஜகந்நாதர் கோயில் ரத்ன பண்டாரத்தின் சாவி தமிழ்நாட்டுக்குப் போய்விட்டதாகச் சொல்கிறார்கள் என்று 2024 மே மாதம் பிரதமரே பிரச்சார மேடையில் பேசினார். அப்போது நம் முதல்வராக இருந்த ஸ்டாலின் கண்டித்தார். சாவி காணவில்லை என்ற விஷயம் 2018-லேயே வெளியே வந்தது. ஆட்சி மாறியபின் 2024 ஜூலையில் உள் அறையைத் திறக்கப் போனபோது, கையில் இருந்த மாற்றுச் சாவி பொருந்தாமல் பூட்டை உடைத்துத்தான் திறந்தார்கள். மதுரைக்கு யாரும் சாவி கேட்டு வரவில்லை :-)

இந்தப் பேச்சைக் கேட்டபோது நமக்கெல்லாம் வயிறு எரிந்தது உண்மை. பம்பாய்த் தமிழனுக்கு அது எரியாமல் இருந்தால்தான் ஆச்சரியம். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் இருந்த நம் அப்பாக்கள், பெரியப்பாக்கள் பார்த்த கதை அது. 1960-களில் ‘மார்மிக்’ பத்திரிகை, பம்பாய் அலுவலகங்களில் இருந்த தென்னிந்திய அதிகாரிகளின் பெயர்களைப் பட்டியல் பட்டியலாகப் போட்டது. 1966-ல் சிவசேனா பிறந்தது அந்தச் சூட்டில்தான். பட்டியலில் இருந்தவர் லஞ்சம் வாங்கினாரா, வேலை ஒழுங்காகச் செய்தாரா என்பதெல்லாம் கேள்வியே இல்லை. பெயரின் கடைசியில் என்ன இருக்கிறது என்பது மட்டும்தான் கேள்வி. அந்தப் பட்டியல் அநியாயம். ஒடிஷாவில் 2024-ல் நடந்ததும் அதே வகைதான்.

சரி, அவர்கள் செய்தது தப்பு. நாம் என்ன செய்தோம்?

2023-ல் அவருக்கு அமைச்சர் அந்தஸ்து கிடைத்தபோது நம் வாட்ஸப் குழுக்களில் வந்ததை ஞாபகப்படுத்திப் பாருங்கள். ‘ஒடிஷாவை ஆளும் தமிழன்!’ ‘நம்ம மதுரைக்காரர்!’ மீசை முறுக்கும் படங்கள். ஒரு அதிகாரி, ஓய்வு பெற்ற மறுநாளே, யாரிடமும் ஓட்டு வாங்காமல் அமைச்சர் அந்தஸ்தில் உட்கார்ந்தது சரியா என்று ஒருத்தர் கேட்டிருப்போமா? இதையே ஒரு ஒடியா அதிகாரி சென்னைக் கோட்டையில் செய்திருந்தால் விடுவோமா? டீக்கடை டீக்கடையாகக் கிழித்திருப்போம்.

இதைத்தான் நான் சொல்ல வந்தேன். ‘நம்ம ஆளு’ என்ற பெருமையும் ‘வெளி ஆளு’ என்ற வெறுப்பும் ஒரே காசின் இரண்டு பக்கம். இரண்டுமே அவர் யார் என்று மட்டும் பார்க்கின்றன. அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலி என்ன, அதற்கு எழுத்தில் எவ்வளவு அதிகாரம், அவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதை இரண்டுமே பார்ப்பதில்லை. அரசியல்வாதிக்கு இதைவிட வசதி வேறு என்ன வேண்டும்? ஒரு பக்கம் கைதட்டல், ஒரு பக்கம் வசவு, நடுவில் கேள்வி மட்டும் காணாமல் போய்விடுகிறது.

"அவர் கை சுத்தம் சார், ஒரு பைசா வாங்கினார்னு யாராவது நிரூபிச்சாங்களா?" என்று கேட்பீர்கள். இல்லை, எந்த நீதிமன்றத்திலும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த நாளில் இருந்த சொத்துதான் இன்றும் என்று அவரே சொன்னார். நவீன் பட்நாயக்கும் அவர் நேர்மையானவர் என்று சான்றிதழ் கொடுத்தார். அப்படியே வைத்துக்கொள்வோம். நான் பேசுவது திருட்டைப் பற்றி இல்லை. ஆதாய முரணைப் பற்றி. கான்ஃப்ளிக்ட் ஆஃப் இன்ட்ரஸ்ட் என்கிறார்களே, அது.

நம் சொஸைட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டடத்துக்கு வெள்ளையடிக்க டெண்டர். டெண்டரைத் திறப்பவர் செக்ரட்டரி. டெண்டர் போட்டவர்களில் ஒருவர் செக்ரட்டரியின் மச்சான். மச்சான் நியாயமான விலைதான் சொல்லியிருக்கிறார், வேலையும் நன்றாகவே செய்வார். இருந்தாலும் பொதுக்குழுவில் கேள்வி வருமா வராதா? வர வேண்டும். மச்சான் திருடன் என்பதற்காக இல்லை. செக்ரட்டரி இரண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்பதற்காக. இரண்டில் எதற்காக முடிவெடுத்தார் என்று வெளியே இருக்கிற நமக்குத் தெரியவே தெரியாது என்பதற்காக.

கிரிக்கெட்டில் பார்த்தோமே. என். சீனிவாசன் கிரிக்கெட் வாரியத் தலைவர், அவருடைய கம்பெனிதான் சென்னை சூப்பர் கிங்ஸின் சொந்தக்காரர். 2015 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது என்ன? சூதாட்ட விவகாரத்தை அவர் மூடி மறைத்தார் என்பது நிரூபணமாகவில்லை. ஆனால் வாரிய நிர்வாகிகளே அணி வைத்துக்கொள்ளலாம் என்று மாற்றிய விதி செல்லாது, வணிக ஆதாயத்தை வைத்துக்கொண்டு வாரியத் தேர்தலில் நிற்க முடியாது. குற்றம் வேறு, முரண் வேறு. ஒரு விளையாட்டு வாரியத்துக்கு இருக்கிற இந்த அறிவு, முதல்வர் அலுவலகத்துக்கு வேண்டாமா?

என் தொழிலில் சட்டம் எப்படி என்று சொல்கிறேன். 2013 கம்பெனிச் சட்டப்படி, நான் தணிக்கை செய்யும் கம்பெனியில் எனக்கு ஒரு பங்குகூட இருக்கக்கூடாது. என் உறவினருக்கு இருந்தால் முகமதிப்பில் ஒரு லட்ச ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. பங்குச்சந்தையில் உள்ள கம்பெனி என்றால், தனி ஆடிட்டர் ஐந்து வருஷம் பார்த்துவிட்டு இறங்க வேண்டும், அடுத்த ஐந்து வருஷம் அந்தப் படியையே மிதிக்கக்கூடாது. நான் என்ன பெரிய ஆள்? நாலு கணக்குப் புத்தகம் பார்க்கிறவன். எனக்கு ஐந்து வருஷ இடைவெளி. பன்னிரண்டு வருஷம் ஒரு மாநிலத்தின் மொத்தக் கோப்புகளையும் பார்த்தவருக்கு ஒரே ஒரு நாள்!

‘விதி இல்லையா?’ என்று கேட்டால், இருக்கிறது. 1968-ஆம் ஆண்டு அகில இந்தியப் பணி நடத்தை விதிகள், ஐந்தாவது விதி: பணியில் இருப்பவர் எந்த அரசியல் கட்சியிலும் உறுப்பினராக இருக்கக்கூடாது, தொடர்பும் கூடாது. பணியில் இருக்கும்வரை. ஓய்வு பெற்றபின் தனியார் சிமென்ட் கம்பெனியில் வேலைக்குச் சேர வேண்டுமானால், முதல் ஒரு வருஷத்துக்கு அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். கட்சியில் சேர? ஒன்றும் வேண்டாம். காலையில் ராஜினாமா, சாயங்காலம் சால்வை. இடைவெளி வேண்டும் என்று 2012-ல் தேர்தல் ஆணையம் பரிந்துரைத்தது, மத்திய அரசு ஏற்கவில்லை. 2022-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது, இது சட்டம் இயற்றுகிறவர்கள் முடிவு செய்ய வேண்டிய விஷயம் என்று சொல்லிவிட்டார்கள். சட்டம் இயற்றுகிறவர்கள் யார்? சால்வை போடுகிறவர்கள்தான்.

ஒரு கட்சியைச் சொல்லிக் குற்றமில்லை. பாண்டியனை ஓயாமல் விமர்சித்தவர்களில் ஒருவர் புவனேஸ்வர் பா.ஜ.க. எம்.பி. அபராஜிதா சாரங்கி. அவரும் ஒடிஷா கேடர் ஐ.ஏ.எஸ்.தான். 2018 செப்டம்பரில் விருப்ப ஓய்வு, நவம்பரில் கட்சி, 2019-ல் எம்.பி. அமைச்சர் அந்தஸ்து மறுநாளே வரவில்லை, ஓட்டு வாங்கித்தான் வந்தார், அந்த வித்தியாசம் பெரியது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இடைவெளி என்று பார்த்தால் அவருக்கும் ரெண்டு மாசம்தான்.

இடைவெளி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒடிஷாவிலேயே விடை இருக்கிறது. பாண்டியனின் மனைவியும் அப்போது ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்தார். பெண்கள் சுயஉதவிக் குழுக்களைப் பார்த்துக்கொள்ளும் மிஷன் சக்தி துறையின் செயலராக இருந்தார். கணவர் ஆளும் கட்சிக்கு ஓட்டுக் கேட்கிறார், மனைவி லட்சக்கணக்கான பெண் வாக்காளர்களைத் தொடுகிற அரசுத் துறையை நடத்துகிறார். 2024 மே மாதம், பிரச்சாரம் நடக்கும்போதே, தேர்தல் ஆணையம் தலையிட்டு அவரைப் பொதுமக்கள் தொடர்பில்லாத துறைக்கு மாற்றச் சொன்னது. அந்த அம்மா தப்பு செய்தார் என்று நான் சொல்லவே இல்லை. நல்ல அதிகாரியாகவே இருக்கட்டும். அப்படிப்பட்டவரையும் சந்தேகத்தில் நிறுத்தியது எது? இரண்டு நாற்காலிதான். விதி இருந்திருந்தால் அது முதலில் காப்பாற்றியிருப்பது அவரைத்தான்.

பதவியே இல்லாமல் பூசாரி ஆவதில் நம் தமிழ்நாடு யாருக்கும் சளைத்ததில்லை. 1992-ல் அரசு நிறுவனமான டான்சியின் கிண்டி நிலத்தை ஜெயா பப்ளிகேஷன்ஸ் வாங்கியது. அதன் பங்குதாரர்கள் அன்றைய முதல்வர் ஜெயலலிதாவும் சசிகலாவும். விற்பது அரசு, வாங்குவது அரசின் தலைவியும் அவருடைய தோழியும்! தோழிக்கு அரசாங்கத்தில் எந்தப் பதவியும் கிடையாது. ஆக, எந்த நடத்தை விதியும் அவரைத் தொட வழியில்லை. 2000-ல் தனி நீதிமன்றம் தண்டித்தது. 2001-ல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2003 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் விடுதலையை உறுதி செய்தது. ஏன் தெரியுமா? அரசுச் சொத்தை வாங்கக்கூடாது என்ற நடத்தை நெறிக்குச் சட்ட வலு இல்லையாம். மனசாட்சிக்குப் பதில் சொல்லி, நிலத்தைத் திருப்பிக் கொடுத்துப் பரிகாரம் தேடிக்கொள்ளட்டும் என்று நீதிபதிகள் சொன்னார்கள். மனசாட்சியை ஜப்தி செய்ய எந்த அமீனாவால் முடியும்?

‘இந்தியாவில் இதெல்லாம் நடக்காது சார்’ என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு பழைய கதை. நடந்தது வேறெங்கும் இல்லை, இதே பம்பாயில்.

1957-ல் எல்.ஐ.சி. ஒரு கோடியே இருபத்து நாலு லட்ச ரூபாய்க்கு ஹரிதாஸ் முந்த்ரா என்ற கல்கத்தா வியாபாரியின் ஆறு கம்பெனிகளில் பங்கு வாங்கியது. கம்பெனிகள் தள்ளாடிக்கொண்டிருந்தன, பணம் பாலிசிதாரர்களுடையது. அந்த டிசம்பரில் ஃபெரோஸ் காந்தி மக்களவையில் எழுந்து பிய்த்து எடுத்தார். ஆளும் கட்சி எம்.பி., அதிலும் பிரதமரின் மருமகன்! பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளாவின் தனிநபர் கமிஷன். விசாரணை மூடிய அறையில் இல்லை, பம்பாயில் பொதுமக்கள் முன்னால். ஜனம் கூட்டம் கூட்டமாக வந்து கேட்டது. நிதியமைச்சர் நம் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. நிதிச் செயலர் எச்.எம். படேல். செயலர் என் ஒப்புதல் இல்லாமல் செய்துவிட்டார் என்றார் அமைச்சர். ஒப்புதலோடுதான் செய்தேன் என்றார் செயலர்.

சாக்ளா 24 நாளில் அறிக்கை கொடுத்தார். செயலர் செய்த காரியத்துக்கு அமைச்சர்தான் முழுப் பொறுப்பு, அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது என்றார். 1958 பிப்ரவரியில் டி.டி.கே. ராஜினாமா செய்தார். அமைச்சர் தமிழர், செயலர் குஜராத்தி என்பதா அங்கே கேள்வி? கோப்பில் என்ன இருக்கிறது, யார் சொல்லி யார் செய்தார் என்பதுதான் கேள்வி. பிற்பாடு டி.டி.கே.யும் திரும்ப அமைச்சரானார், படேலும் 1977-ல் நிதியமைச்சரே ஆனார். பொறுப்பேற்றதால் யார் தலையும் போய்விடவில்லை.

வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளுக்காக இதையும் சேர்த்துக்கொள்கிறேன். பிரிட்டனில் 1997-ல் டோனி பிளேர் தன் உதவியாளர்கள் அலஸ்டர் கேம்ப்பெல், ஜோனத்தன் பவல் இருவருக்கும் அரசு அதிகாரிகளுக்கே உத்தரவிடும் அதிகாரம் கொடுத்தார். ஒடிஷாக் கதையின் லண்டன் பதிப்பு மாதிரி. பத்து வருஷம் ஊரே திட்டியது. 2007-ல் கார்டன் பிரவுன் வந்ததும் முதல் வேலையாக அதை ரத்து செய்தார். 2010-ல் சட்டமே வந்தது: அமைச்சரின் சிறப்பு ஆலோசகர் அரசுப் பணத்தைச் செலவழிக்க ஒப்புதல் தர முடியாது, அரசு ஊழியர்களை நிர்வகிக்க முடியாது, சட்டம் தருகிற எந்த அதிகாரத்தையும் செலுத்த முடியாது. எத்தனை பேர், எவ்வளவு செலவு என்று வருஷா வருஷம் பாராளுமன்றத்தில் அறிக்கை வைக்க வேண்டும். அமெரிக்காவில் மத்திய அரசு ஊழியர் தனக்கோ மனைவி மக்களுக்கோ பணநலன் இருக்கிற கோப்பில் கை வைத்தால் அது கிரிமினல் குற்றம். அங்கெல்லாம் ஆட்கள் யோக்கியர்கள் என்று அர்த்தமில்லை. ஆளை நம்பாமல் விதியை எழுதி வைத்தார்கள், அவ்வளவுதான்.

நாம் கேட்க வேண்டியது என்ன? என் பங்குக்கு நாலு:

1. பட்டியல். ஒவ்வொரு முதல்வர், அமைச்சர் அலுவலகத்திலும் இருக்கும் தனி ஊழியர்கள், ஓ.எஸ்.டி., ஆலோசகர், எல்லோருடைய பெயர், எந்தத் துறையிலிருந்து வந்தார், சம்பளம் என்ன, எப்போதிலிருந்து. 2005 தகவல் உரிமைச் சட்டத்தின் நாலாவது பிரிவே ஊழியர் பட்டியலையும் சம்பளத்தையும் கேட்காமலே வெளியிடச் சொல்கிறது. புதிதாக ஒன்றும் வேண்டாம்.

2. ஆதாயக் கணக்கு. தனக்கும் மனைவி/கணவர், பிள்ளைகள், கூடப் பிறந்தவர்களுக்கும் அரசோடு என்ன கொடுக்கல் வாங்கல் என்று சேரும் நாளிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். மச்சான் டெண்டர் போட்டால் அந்தக் கோப்பு வேறு மேஜைக்குப் போக வேண்டும்.

3. எழுத்து. ‘ஐயா சொல்லச் சொன்னார்’ என்று உதவியாளர் போனில் சொன்னால் அது உத்தரவு இல்லை.

4. இடைவெளி. முதல்வர், அமைச்சர் அலுவலகத்தில் இருந்த அதிகாரிக்கு, கட்சியோ அமைச்சர் அந்தஸ்துப் பதவியோ குறைந்தது இரண்டு வருஷம் கழித்து.

மூன்றாவதைப் பற்றி ஒரு வார்த்தை. வாய்மொழி உத்தரவை வைத்து அதிகாரிகள் செயல்படக்கூடாது, எழுத்தில் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 அக்டோபரில் தீர்ப்பு சொன்னது. அந்த வழக்கைப் போட்டவர்களில் முதல் பெயர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன். உத்தரப் பிரதேச கேடர் ஐ.ஏ.எஸ்., முன்னாள் கேபினட் செயலர். ஓய்வு பெற்றபின், தன்னைப் போன்ற அதிகாரிகள் யார் வாய்க்கும் ஆடக்கூடாது என்று கோர்ட்டுக்குப் போன மனிதர். ‘நம்ம ஆளு’ என்று மார் தட்டிக்கொள்ள அவ்வளவு ஆசையாக இருந்தால் இவரைச் சொல்லுங்களேன். இவரைப் பற்றி ஒரு ஃபார்வர்டும் எனக்கு வந்ததில்லை.

ஏன் நமக்கு இது முக்கியம் என்றால், நாம் வெளியூரில் பிழைக்கிறவர்கள். விதி கெட்டியாக இருக்கிற இடத்தில்தான் வெளியூர்க்காரனுக்கு நிம்மதி. விதி இல்லாத இடத்தில் ‘சாஹேபாஞ்சா மாணூஸ்’ ஆனால்தான் வாழ்வு. சாஹேப் நாற்காலியை விட்டு இறங்கிய மறுநாள், கூட்டம் முதலில் தேடுவது அந்த ஆளைத்தான். அவர் வெளியூர்க்காரராக இருந்துவிட்டால் அவர் பாஷையையும் சேர்த்துத் திட்டும். அந்தத் திட்டு அவரோடு நிற்காது, நம் வீட்டு வாசல் வரைக்கும் வரும். 1966-ல் வந்தது.

நம் வீடுகளில் எத்தனையோ பிள்ளைகள் ஐ.ஏ.எஸ்.ஸுக்குப் படிக்கிறார்கள். ஏதோ ஒரு மாநிலத்துக்குப் போய் நல்ல பேர் எடுக்கட்டும். கலெக்டராக இருக்கும்போது ஊரைக் கூட்டிச் சொல்வோம், தப்பே இல்லை. ஆனால் அடுத்த தடவை ஏதோ ஒரு முதல்வரின் அறை வாசலில் ஒரு தமிழ்ப் பெயர் தென்பட்டால், மீசை படம் போட்டு ஃபார்வர்டு செய்வதற்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்று கேளுங்கள். இவர் உட்கார்ந்திருப்பது ஒரு நாற்காலியிலா, இரண்டிலா?

பி.கு.: "தமிழனுக்குத் தமிழனே எதிரி" என்று பின்னூட்டம் போட வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அதைப் போடும் முன், பாண்டியன் என்ற பெயரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் உங்களுக்குப் பிடிக்காத எந்த மாநிலத்துக்காரர் பெயரையாவது போட்டு, இந்தப் பதிவை மறுபடி ஒரு தடவை படித்துவிடுங்கள். அதற்கப்புறமும் கோபம் இருந்தால் தாராளமாகத் திட்டலாம்.